பெர்னாண்டஸ், ஹெர்னாண்டஸ், பர்னாந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்னாண்டஸ் என்ற குடும்பப்பெயரைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கால்பந்து பார்ப்பவர்கள் கேட்பது ஒன்று, தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்கள் கேட்பது வேறொன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பெர்னாண்டஸ்னா என்ன அர்த்தம்?

பெர்னாந்தோ என்பவரின் பிள்ளை. அவ்வளவுதான். ஸ்பானிஷில் ஒருவருடைய பெயரோடு 'எஸ்' என்ற விகுதி சேர்ந்தால் அவருடைய மகன் அல்லது மகள் என்று பொருள். ரொட்ரிகோவின் பிள்ளை ரொட்ரிகெஸ், மார்ட்டினின் பிள்ளை மார்ட்டினெஸ், கொன்சாலோவின் பிள்ளை கொன்சாலெஸ். ஸ்பெயினில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயர்களின் பட்டியலை எடுத்தால் முன்வரிசையில் பெரும்பாலும் இந்த வகைப் பெயர்கள்தான்.

அந்த விகுதி எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் பழைய சண்டை உண்டு. லத்தீனில் 'இன்னாருடைய' என்று சொல்லும் வேற்றுமை உருபு தேய்ந்து இப்படி ஆனது என்பது ஒரு தரப்பு. ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே இருந்த மொழிகளின் எச்சம் என்பது இன்னொரு தரப்பு. எப்படியிருந்தாலும் வேலை ஒன்றுதான், அப்பா பெயரைச் சொல்வது.

அந்த பெர்னாந்தோங்கிற பேர் ஸ்பானிஷ் பேரா?

வேர் ஜெர்மானிய வேர். 5ஆம் நூற்றாண்டில் விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்தார், ஸ்பெயினும் போர்த்துகலும் இருக்கும் ஐபீரியாவுக்குள் வந்து, பின்னால் தொலேதோவைத் தலைநகராக்கி ஆண்டார்கள். 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படை அந்த ஆட்சியை முடித்து வைத்தது. விசிகோத்துகளின் மொழி மறைந்துபோனது, அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. ரொட்ரிகோ, அல்போன்சோ, ஆல்வரோ, கொன்சாலோ, பெர்னாந்தோ எல்லாம் அந்தக் கணக்குதான்.

பெர்னாந்தோவில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. பின்பாதிக்குத் துணிச்சல் என்று பொருள். முன்பாதியைச் சிலர் பயணம் என்கிறார்கள், சிலர் அமைதி அல்லது பாதுகாப்பு என்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. ஜெர்மன்காரர்கள் வைக்கும் பெர்டினாண்ட் என்ற பெயர் ஸ்பெயினிலிருந்து திரும்பிப் போனது. கிழக்கு ஸ்பெயினில் இருந்த அரகோன் நாட்டின் அரசர் பெர்னாந்தோவின் பேரன் 1503இல் ஸ்பெயினில் பிறந்து, தாத்தா பெயரையே வாங்கிக்கொண்டு, பிறகு ஆஸ்திரியாவை ஆண்டு பேரரசரும் ஆனார். அவருக்குப் பிறகுதான் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் பெர்டினாண்டுகள் வரிசையாக வந்தார்கள். 1914இல் சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்ட இளவரசர் வரைக்கும் அந்தப் பெயர் ஓடியது.

அப்பா பேர்தான் பின்னால வரும்னா ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறணுமே?

சரியான கேள்வி. ஆரம்பத்தில் மாறத்தான் செய்தது. நம் இனிஷியலை நினைத்துக்கொள்ளுங்கள், அப்பா பெயர் பிள்ளைக்கு இனிஷியல், பேரனுக்கு வேறு இனிஷியல். இடைக்கால ஸ்பெயினிலும் அதே ஏற்பாடுதான்.

காஸ்தீல் பகுதியை ஆண்ட கோமான்களின் வரிசையைப் பார்த்தால் சட்டென்று விளங்கும். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்பவரின் மகன் பெர்னான் கொன்சாலெஸ், இவர் 970இல் இறந்தார். இவருடைய மகன் கார்சியா பெர்னாண்டஸ். அவருடைய மகன் சாஞ்சோ கார்சியா. அவருடைய மகன் கார்சியா சாஞ்செஸ். ஒரே இரத்தம், நேர் வாரிசு, ஐந்து தலைமுறை, ஆனால் குடும்பப்பெயர் என்று ஒன்று நிலையாக இல்லவே இல்லை. ஆகவே 10ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் பெர்னாண்டஸ் என்று பார்த்துவிட்டு 'இவர்தான் எங்கள் மூதாதை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருடைய பிள்ளையே பெர்னாண்டஸ் ஆக இருந்திருக்க மாட்டார்.

அப்புறம் எப்போ ஒரே பேரா நின்னுச்சு?

ஒரே நாளில் நிற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டு தொடங்கி 15ஆம் நூற்றாண்டுக்குள் மெல்ல மெல்ல உறைந்தது. சொத்து, வரி, வாரிசுரிமை என்று எழுத்து வேலை கூடக் கூட, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் இருப்பது வசதியாகப் போனது. 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து பொதுச்சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்கள் கூட்டத்துக்குப் பிறகு பங்குக் கோயில்களில், அதாவது அந்தந்தப் பகுதிக்கான கோயில்களில், திருமணப் பதிவும் திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பதிவும் ஒழுங்காக நடக்கத் தொடங்கின. பதிவேட்டில் ஏறிய பெயர் அவ்வளவு சுலபமாக மாறாது.

அப்படியும் நெடுங்காலம் அண்ணன் ஒரு குடும்பப்பெயரும் தம்பி ஒரு குடும்பப்பெயரும் வைத்துக்கொண்டார்கள். பாட்டியின் பெயரை எடுத்தவர்கள், சொத்து கொடுத்த மாமாவின் பெயரை எடுத்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். அப்பா பெயர் ஒன்று, அம்மா பெயர் ஒன்று என்ற இன்றைய கணக்கு 1871இல் ஸ்பெயினில் குடிமைப் பதிவு தொடங்கிய பிறகுதான் எல்லோருக்கும் கறாரானது.

ஏன் இத்தனை பேருக்கு இந்தப் பேர்? எல்லாரும் ஒரே வம்சமா?

ஒரே வம்சம் இல்லை. பெர்னாந்தோ என்ற பெயர் கொண்ட அப்பாக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனியாக ஒரு பெர்னாண்டஸ் குடும்பம் கிளம்பியது. அந்த முதல் பெயர் பரவியதற்கு அரசர்கள் ஒரு பெரிய காரணம். லெயோனை ஆண்ட முதலாம் பெர்னாந்தோ 11ஆம் நூற்றாண்டில். 1236இல் கோர்தோபாவையும் 1248இல் செவீயாவையும் பிடித்த மூன்றாம் பெர்னாந்தோ 1671இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். சான் (புனித) பெர்னாந்தோ என்று உலகம் முழுக்க ஊர்ப்பெயர்கள் இருப்பது பெரும்பாலும் அவரால்தான். இசபெல் அரசியை 1469இல் மணந்த அரகோன் பெர்னாந்தோவை மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொரு தகவல், நம்மூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். நாம் பதுவை நகர் புனித அந்தோணியார் என்று கும்பிடுகிறவர் பிறந்தது லிஸ்பனில். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாந்தோ. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோணி ஆனார்.

கடைசியில இசட் வந்தா ஸ்பானிஷ், எஸ் வந்தா போர்த்துகீசு, சரிதானே?

ஐரோப்பாவுக்குள் இன்று அப்படிப் பிரிக்கலாம். ஸ்பானிஷில் இசட் எழுத்து, நடு அசை மேல் ஒரு அழுத்தக்குறியும் போடுவார்கள். போர்த்துகீசில் எஸ் எழுத்து, குறி தேவையில்லை. ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த இசட்டை நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து ஒலிப்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் வெறும் 'ஸ்'தான்.

ஆனால் பழைய போர்த்துகீசு ஏடுகளில் இசட் போட்டும் எழுதியிருக்கிறார்கள், எழுத்துமுறை பிறகுதான் ஒழுங்குபட்டது. அதனால் கேரளக் கடற்கரையிலும் தூத்துக்குடியிலும் இசட் போட்டு எழுதும் குடும்பங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு ஸ்பெயின் தொடர்பு என்று முடிவு கட்டாதீர்கள். இங்கே வந்தவர்கள் போர்த்துகீசியர்கள்.

ஹெர்னாண்டஸ் தனிப் பேரா, இதுவேதானா?

இதுவேதான். லத்தீனில் 'ஃப' ஒலியில் தொடங்கிய சொற்கள் காஸ்தீல் பேச்சில் முதலில் 'ஹ' ஆகி, பிறகு அந்த 'ஹ'வும் ஒலிக்காமல் போனது. மகன் என்ற சொல் போர்த்துகீசில் 'ஃபில்யு', ஸ்பானிஷில் 'இஹோ'. செய் என்பது அங்கே 'ஃபஸேர்', இங்கே 'அசேர்'. அதே வழியில் பெர்னாந்தோ எர்னாந்தோ ஆனது, பெர்னாண்டஸ் எர்னாண்டஸ் ஆனது. எழுத்தில் ஹெச் இருக்கும், வாயில் வராது. நாம் ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் ஹெர்னாண்டஸ் என்கிறோம்.

ஒரே ஆளையே இரண்டு விதமாகவும் எழுதினார்கள். மெக்சிகோவைப் பிடித்த எர்னான் கோர்த்தேசை அந்தக் கால ஆவணங்கள் பெர்னாந்தோ என்றும் எர்னாந்தோ என்றும் குறிக்கின்றன. கொலம்பசின் இளைய மகனுக்கும் இதே இரட்டை வழக்கு. பெர்ராண்டஸ், பெர்ராண்டிஸ் என்று கிழக்கு ஸ்பெயினில் பார்க்கும் பெயர்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

எந்த ஊர்ல அதிகம்?

ஸ்பெயினில் முதல் குடும்பப்பெயராகப் பெர்னாண்டஸ் வைத்திருப்பவர்கள் சுமார் 9 லட்சம் பேர். கார்சியா, ரொட்ரிகெஸ், கொன்சாலெஸ் ஆகியவற்றோடு முன்வரிசையில் நிற்கிறது. வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியில் இதுதான் முதலிடம். போர்த்துகலில் சில்வாவையும் சாந்தோசையும் இது எட்டவில்லை, ஆனாலும் முதல் இருபதுக்குள் வந்துவிடும்.

அமெரிக்கக் கண்டத்துக்குப் போனால் காட்சி மாறுகிறது. மெக்சிகோவில் முதலிடம் ஹெர்னாண்டஸ். அர்ஜென்டினாவிலோ பெர்னாண்டஸ் முன்வரிசை. காரணம், 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவுக்குப் போனவர்களில் பெரும்பகுதி 'ஃப' தேய்ந்துபோன தெற்கு, நடு ஸ்பெயின்காரர்கள், அங்கே திருமுழுக்குப் பெற்ற பூர்வகுடிகளும் அவர்கள் பெயர்களையே வாங்கினார்கள். அர்ஜென்டினாவுக்கு 19, 20ஆம் நூற்றாண்டுகளில் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் 'ஃப' தேயாத வடக்கு ஸ்பெயினின் கலீசியா, அஸ்தூரியாஸ் மக்கள். அங்கே எந்த ஸ்பெயின்காரரையும் 'கலீசியன்' என்றே கூப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் 2010 கணக்கெடுப்பில் ஹெர்னாண்டஸ் 10 லட்சம் பேரைத் தாண்டி 11ஆம் இடத்தில் இருந்தது.

என்சோ பெர்னாண்டசும் புரூனோ பெர்னாண்டசும் சொந்தக்காரங்களா?

இல்லை. இருவரும் கால்பந்து வீரர்கள், ஆனால் என்சோ அர்ஜென்டினாக்காரர், புரூனோ போர்த்துகல்காரர். பார்சலோனா கால்பந்து அணிக்கு ஆடிய ஷாவியுடைய குடும்பப்பெயரும் ஹெர்னாண்டஸ்தான், அவரும் இவர்களுக்கு உறவில்லை. இதைவிட நல்ல உதாரணம் அர்ஜென்டினா அரசியலில் இருக்கிறது. 2019 தேர்தலில் ஆல்பெர்த்தோ பெர்னாண்டஸ் அதிபராகவும் கிறிஸ்தீனா பெர்னாண்டஸ் துணை அதிபராகவும் ஒரே அணியில் நின்று வென்றார்கள். இரண்டு பேருக்கும் உறவு கிடையாது. ஐந்தாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்.

ஸ்பெயின்காரங்களுக்கு ரெண்டு குடும்பப்பேர் இருக்கே, எதைச் சொல்லிக் கூப்பிடறது?

முதலாவதைச் சொல்லுங்கள், அது வழக்கமாக அப்பாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது. ஷாவியின் முழுப்பெயரில் ஹெர்னாண்டஸ் அப்பா வழி, கிரெயுஸ் அம்மா வழி. போர்த்துகலில் இது தலைகீழ். அம்மா வழி முன்னால், அப்பா வழி கடைசியில். புரூனோ மிகேல் போர்ஜெஸ் பெர்னாண்டஸ் என்பதில் கடைசியாக வருவதுதான் அப்பாவுடையது. விண்ணப்பம் நிரப்பும்போது இதைக் குழப்பிவிடாதீர்கள்.

முதல் பெயர் ரொம்பப் பொதுவாக இருந்தால் ஸ்பெயினில் இரண்டாவதைச் சொல்லியே அடையாளம் காட்டுவார்கள். 2004 முதல் 2011 வரை பிரதமராக இருந்த ரொட்ரிகெஸ் சபத்தேரோவை எல்லோரும் சபத்தேரோ என்றே சொன்னார்கள். கவிஞர் கார்சியா லோர்க்காவும் வெறும் லோர்க்காதான். பெர்னாண்டஸ் தே கோர்தோபா மாதிரி ஊர்ப்பெயரை ஒட்டிக்கொண்டதும் இதே தேவைக்குத்தான்.

இன்னொன்று. ஸ்பெயினில் 2017 நடுவிலிருந்து அப்பா பெயர் முன்னால் வர வேண்டும் என்ற தானியங்கி விதி இல்லை. பெற்றோர் இருவரும் கூடி முடிவு செய்து சொல்ல வேண்டும்.

கல்யாணம் ஆனா பொண்ணு பேரு மாறுமா?

ஸ்பெயினில் மாறாது. போர்த்துகலில் விருப்பம். லத்தீன் அமெரிக்காவில் 'தே' போட்டுக் கணவர் பெயரைச் சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மேலே சொன்ன கிறிஸ்தீனா முழுப்பெயராக கிறிஸ்தீனா பெர்னாண்டஸ் தே கிர்ச்னெர். கிர்ச்னெர் என்பது அவருக்கு முன் அதிபராக இருந்த கணவர் நெஸ்தோரின் குடும்பப்பெயர்.

இது யூதர்கள் வச்சிருந்த பேருன்னு படிச்சேனே?

யூதர்களும் வைத்திருந்தார்கள் என்பது உண்மை. 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது, 1497இல் போர்த்துகல் கட்டாயமாக மதம் மாற்றியது. மாறியவர்கள் ஊரில் எல்லோரும் வைத்திருந்த கிறிஸ்தவப் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள், கூட்டத்தில் கலந்துபோவதற்கு அதுதான் பாதுகாப்பு. அந்தப் பெயர்களில் பெர்னாண்டசும் ஒன்று. பின்னாளில் ஆம்ஸ்டர்டாமில் போய் மறுபடி வெளிப்படையாக யூதர்களாக வாழ்ந்தவர்களில் சிலர் இந்தப் பெயர்களோடே வாழ்ந்தார்கள்.

ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. எல்லோரும் வைத்திருந்த பெயர் என்பதால்தானே அதைத் தேர்ந்தெடுத்தார்கள்! ஆகவே பெர்னாண்டஸ் என்ற பெயரை மட்டும் வைத்து யாரையும் யூத வம்சம் என்று சொல்ல வழியில்லை. ஸ்பெயின் 2015இல் வெளியேற்றப்பட்டவர்களின் சந்ததிக்குக் குடியுரிமை தரச் சட்டம் கொண்டுவந்தபோது குடும்பப்பெயர்ப் பட்டியல்கள் கண்டபடி சுற்றின. அப்படி ஒரு பட்டியலில் உங்கள் பெயர் இருப்பது சான்று ஆகாது.

பிலிப்பைன்ஸ்காரங்களுக்கு எப்படி இந்தப் பேர் வந்துச்சு?

பெரும்பாலும் ஒரு உத்தரவால். 1849இல் ஆளுநராக இருந்த நார்சிசோ கிளாவெரியா, குடும்பப்பெயர்களை அகரவரிசையில் அச்சிட்ட பெரிய பட்டியலை மாகாணங்களுக்கு அனுப்பி, ஒவ்வொரு குடும்பமும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வரி வசூலுக்கும் பதிவுக்கும் அது வசதி. சில ஊர்களுக்கு ஒரே எழுத்துள்ள பக்கம் போய்ச் சேர்ந்ததால் ஊர் முழுக்க ஒரே எழுத்தில் குடும்பப்பெயர்கள் அமைந்தன. ஆகவே அங்கே ஸ்பானிஷ் குடும்பப்பெயர் என்றால் ஸ்பானிஷ் இரத்தம் என்று அர்த்தமில்லை.

கோவா, மங்களூர் பெர்னாண்டஸ்கள்?

1510இல் கோவாவைப் போர்த்துகீசியர் பிடித்த பிறகு திருமுழுக்கு வாங்கியவர்களுக்கு, கொடுத்த குருவின் பெயரோ ஞானத்தந்தையாக, அதாவது அந்தச் சடங்கில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று, நின்றவரின் பெயரோ வந்து சேர்ந்தது. வேறு வேறு சமயத்தில் மதம் மாறிய உறவினர்களுக்கு வேறு வேறு குடும்பப்பெயர் அமைந்ததும் உண்டு. கோவாவிலிருந்து தெற்கே கனரா என்ற கர்நாடகக் கடலோரப் பகுதிக்குக் குடிபெயர்ந்தவர்களின் வழியாக மங்களூருக்குப் போனது. 1930இல் மங்களூரில் பிறந்து பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் அந்த மக்களில் ஒருவர்.

தூத்துக்குடியில பர்னாந்துன்னு சொல்றாங்களே, அதுவும் இதானா?

மூலம் ஒன்றே. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிப் பெருந்திரளாகக் கத்தோலிக்கரானார்கள், சுமார் 20,000 பேர் என்று சொல்வார்கள். சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542இல். திருமுழுக்கோடு கோஸ்தா, மச்சாது, கோமஸ், வாஸ், மிராண்டா என்று பல பெயர்கள் வந்தன, அவற்றில் பர்னாந்தும் ஒன்று. கோவாவைப் போலவே இங்கும் பெயர் வந்த வழி திருமுழுக்கு. இரத்த உறவு தேட வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பர்னாந்து என்பது கொச்சை, பெர்னாண்டோ என்பதுதான் சரி என்று பிள்ளைகளின் பெயரைத் திருத்துகிறவர்களைப் பார்க்கிறேன். போர்த்துகல்காரர் வாயில் கடைசி 'ஓ' அழுத்தமில்லாமல் வரும்போது 'உ' என்றே ஒலிக்கும். அந்த 'த'வும் நாக்கு பல்லைத் தொட்டு வரும் மெல்லிய ஒலி, 'ட' இல்லை. ஆகவே பர்னாந்து என்பது காதால் நேரே கேட்டு வாங்கிய வடிவம், மூலத்துக்கு அதுவே நெருக்கம். பெர்னாண்டோ ஆங்கில எழுத்தைப் படித்து வந்தது. மச்சாதுவுக்கும் இதே நியாயம். தயவுசெய்து திருத்தாதீர்கள்.

அப்போ பர்னாந்தும் பெர்னாண்டசும் ஒரே குடும்பப்பேரா?

இலக்கணப்படி இரண்டு. பர்னாந்து அப்பாவின் பெயர், பெர்னாண்டஸ் அவருடைய பிள்ளை, முதல் கேள்வியில் சொன்னபடி. ஐபீரியாவில் பெர்னாந்தோ பெரும்பாலும் முதல் பெயராகவே இருக்கும், குடும்பப்பெயராக வருவது குறைவு. அதைப் பெரிய அளவில் குடும்பப்பெயராக்கியது நம் கடற்கரையும் இலங்கையும்தான்.

நடைமுறையில் இரண்டும் கலந்துவிட்டன. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. அவரையே ஆங்கிலத்தில் குரூஸ் பெர்னாண்டஸ் என்று எழுதுகிறார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் பங்குப் பதிவேட்டில் இன்னொன்றும் இருந்தால் பதற வேண்டாம், இந்தக் கலப்பு பழையது.

இலங்கையில பௌத்தர்கள்கூட பெர்னாண்டோன்னு இருக்காங்களே, எப்படி?

போர்த்துகீசியர் 1505இல் வந்து 1658 வரை இருந்தார்கள். கரையோரத்தில் பெர்னாண்டோ, பெரேரா, சில்வா எல்லாம் ஊன்றிவிட்டன. பிறகு டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாற, பல குடும்பங்கள் பௌத்தத்துக்குத் திரும்பினாலும் குடும்பப்பெயரைக் கழற்றவில்லை. நீர்கொழும்பில் கத்தோலிக்க பெர்னாண்டோக்கள், மொரட்டுவைப் பக்கம் பௌத்த பெர்னாண்டோக்களும் ஏராளம். 2019இல் டர்பனில் கடைசி விக்கெட்டுக்கு 78 ஓட்டங்கள் சேர்த்து தென்னாப்பிரிக்காவை வீழ்த்திய ஜோடியின் பெயர்களைப் பாருங்கள்: குசல் பெரேரா, விஷ்வ பெர்னாண்டோ.

பெர்னாண்டஸ் குலச்சின்னம்னு ஒண்ணு விக்கிறாங்க, வாங்கலாமா?

சுவருக்கு அழகாக இருக்கிறது என்றால் வாங்குங்கள், உங்கள் குடும்பத்துடையது என்று நினைத்து வாங்காதீர்கள். கேடயச் சின்னம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கோ வம்சத்துக்கோ உரியது, குடும்பப்பெயருக்கு உரியது அல்ல. பெர்னாண்டஸ் தே கோர்தோபா போன்ற பிரபுக் குடும்பங்களுக்குச் சின்னம் இருந்தது. அது அஸ்தூரியாஸ் விவசாயி பெர்னாண்டசுக்கே சொந்தமில்லை எனும்போது நமக்கு எப்படி?

என் முன்னோரை உண்மையாவே தேடணும்னா எங்கே ஆரம்பிக்கிறது?

குடும்பப்பெயரிலிருந்து தொடங்காதீர்கள், ஊரிலிருந்து தொடங்குங்கள். தாத்தா, பாட்டி திருமுழுக்கு வாங்கிய பங்கு எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தப் பங்கின் பதிவேட்டில் பிள்ளை பெயரோடு பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். திருமணப் பதிவும் கிடைத்தால் இரண்டு பக்கத்துக் குடும்பமும் தெரியவரும், அங்கிருந்து ஒரு தலைமுறை மேலே ஏறலாம். தேடும்போது பர்னாந்து, பர்னாந்தோ, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் என்று எல்லா எழுத்துமுறையிலும் தேடுங்கள், எழுதிய குருவின் கைப்பழக்கத்தைப் பொறுத்து அண்ணன் தம்பிக்குள்ளேயே மாறியிருக்கும். பக்கம் பழையதாக இருந்தால் நீங்களே புரட்டாமல் பங்குத்தந்தையிடம் சொல்லிப் படம் எடுத்துத் தரக் கேளுங்கள், உப்புக்காற்றில் நொறுங்கிப்போன தாள்கள் நிறைய.